ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கிய அனுபவம்

பணி ஓய்வை எதிர்நோக்கியிருக்கும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஐயா, டிரஸ்ட் பதிவு செய்வது பெரிய வேலையா?" பதிவு செய்வது பெரிய வேலையே இல்லை. பதிவு செய்த பிறகு, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். பத்திர எழுத்தர், வங்கி மேலாளர், வருமான வரி அதிகாரி, தலைமையாசிரியர் என்று எல்லோரிடமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

நாங்கள் நான்கு பேர். இருவர் அறிவியல், ஒருவர் ஆங்கிலம், நான் தமிழ். எங்கள் வட்டாரத்து அரசு நடுநிலைப் பள்ளிகளில் கணினிகளை ஓட வைப்பதும், பாடங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பயிற்சித் தாள்கள் தயாரிப்பதும் எங்கள் எண்ணம். 2022-ல் பதிவு செய்தோம்.

முதலில் எந்த அமைப்பு என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்கும் உறுப்பினர் விவரமும் கொடுத்தாக வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கற்ற நிறுவனமாகத் தொடங்கலாம். எங்கள் வயதுக்கு அது அதிகப்படியான காகிதம். மிஞ்சியது அறக்கட்டளை. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் பொதுவான தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே நாம் எழுதிக்கொள்ளும் பத்திரமே நமக்குச் சட்டம். இது வசதி போலத் தோன்றும். பத்திரத்தில் விட்டுப்போனதைப் பின்னால் எந்தச் சட்டமும் வந்து நிரப்பித் தராது என்பது அதன் மறுபக்கம்.

ஐந்தாவதாக ஒரு நண்பரும் சேர்வதாக இருந்தார். அவர் இன்னும் பணியில் இருக்கிறார். அரசு ஊழியர் முன் அனுமதியின்றி நன்கொடை திரட்டுவதை நடத்தை விதிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஓய்வு பெறும்வரை அறங்காவலராக வேண்டாம் என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். பணியில் இருப்பவர்கள் இதை ஆர்வக்கோளாறில் மறந்துவிட வேண்டாம்.

பத்திர எழுத்தரிடம் எல்லா அறக்கட்டளைகளுக்கும் பொருந்துகிற தயார் வாசகம் ஒன்று இருந்தது. கல்வி, மருத்துவம், முதியோர் இல்லம், மரம் நடுதல், திருமண உதவி, கோயில் திருப்பணி என்று ஒரு பக்கம் முழுக்க நோக்கங்கள். "எல்லாம் இருக்கட்டும் ஐயா, பிற்காலத்துக்கு உதவும்" என்றார் அவர். எங்கள் அறிவியல் ஆசிரியர்களில் ஒருவர் பேனாவை எடுத்து, தேர்வுத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாக அடித்தார். கோயில் திருப்பணியை அடிக்கும்போது மட்டும் எழுத்தர் முகம் சுருங்கியது. நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி சலுகை வேண்டுமானால் மதச் செலவு மொத்த வருமானத்தில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நோக்கத்தில் மதப்பணியைக் கலந்து வைத்தால் வீண் கேள்வி வரும் என்று ஆடிட்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடைசியில் கணினி, இருமொழிக் கற்றல் என்று இரண்டே நோக்கங்கள் மிஞ்சின. அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது, கலைக்க நேர்ந்தால் சொத்துகள் இதே நோக்கமுள்ள வேறோர் அறக்கட்டளைக்குப் போக வேண்டும், அறங்காவலர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது, கணக்காண்டு மார்ச் 31-ல் முடியும் என்ற வரிகளை ஆடிட்டர் சொல்லிச் சேர்த்தோம். பத்திரம் தமிழில்தான். வரித்துறைக்கு உதவும் என்று ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் தயார் செய்யச் சொன்னார். இருமொழிக் கற்றலுக்கென்று தொடங்கிய அமைப்பு முதலில் தயாரித்த இருமொழிப் பிரதி அதன் பத்திரமாகவே அமைந்துவிட்டது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன், புகைப்படம், விரல்ரேகை, இரண்டு சாட்சிகள், அவ்வளவுதான். நாள் முழுக்க நிலப் பத்திரங்களையே பார்க்கும் அலுவலர் எங்கள் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "சொத்து எங்கே?" என்றார். நிறுவனர் கொடுத்த சிறு தொடக்க நிதியைத் தவிர வேறு இல்லை என்றோம். இன்னொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு நான்காம் புத்தகத்தில் பதிந்தார். அசையாச் சொத்து சம்பந்தப்படாத பத்திரங்கள் அதில்தான் ஏறும்.

அடுத்தது பான் அட்டை. எண்ணின் நான்காவது எழுத்து அறக்கட்டளைக்கு 'டி' (T) என்று இருக்க வேண்டும். வந்தவுடன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு தொடங்கப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், பான், அறங்காவலர்களின் அடையாளச் சான்று, கணக்கை யார் இயக்குவது என்ற தீர்மானம் ஆகியவை கேட்டார்கள். இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்தோம். நட்பு நீடிக்க அது நல்ல ஏற்பாடு.

வருமான வரித்துறைப் பதிவு இரண்டு கட்டம். 2021 ஏப்ரல் முதல் வந்த முறை இது. புதிய அறக்கட்டளை படிவம் 10ஏ கொடுத்தால் 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு தருவது), 80ஜி இரண்டுக்கும் தற்காலிகப் பதிவு கிடைக்கும், மூன்றாண்டுக்குச் செல்லும். அதில் யாரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. பலர் இங்கேயே எல்லாம் முடிந்தது என்று சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். முழுப் பதிவுக்குப் படிவம் 10ஏபி கொடுக்க வேண்டும்: தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதத்துக்கு முன்போ, பணிகள் தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள். அப்போதுதான் கேள்வித்தாள் வந்தது. என்ன பணி செய்தீர்கள், எங்கே, பயனாளிகள் யார், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது எங்கே, வங்கிக் கணக்கில் இந்தத் தொகை எதற்கு என்று நீண்ட பட்டியல்.

எங்களைக் காப்பாற்றியது ஆங்கில ஆசிரியரின் பழக்கம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், எந்தப் பள்ளிக்கு எந்தப் பொருள் போனது, யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். கூடவே பள்ளியின் இருப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல். அவற்றை வரிசைப்படுத்தி அனுப்பினோம். ஐந்தாண்டுக்கான பதிவு வந்தது. சிறிய அறக்கட்டளைகளுக்கு 12ஏபி பதிவைப் பத்தாண்டாக 2025-ல் நீட்டித்திருக்கிறார்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின்படி பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. நான் சொல்லும் எண்களை மனப்பாடம் செய்யாமல் ஆடிட்டரைக் கேளுங்கள்.

நன்கொடையாளர்களிடம் பேசுவது தனிக் கலை. 80ஜி இருந்தால் கொடுத்த பணம் முழுவதற்கும் வரி கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். எங்களைப் போன்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் வரம்பு உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ரசீதில் இருபதாயிரம் என்று போடுங்கள்" என்றவருக்கு இதைச் சொன்னபோது, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் படிவம் 10பிடி-யில் நன்கொடையாளர் விவரங்களை ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதற்குப் பிறகு வரும் 10பிஇ சான்றிதழ்தான் கொடுத்தவருக்கு உதவும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் கனடாவிலும் சிங்கப்பூரிலும் நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், அவர் யாருடைய பிள்ளையானாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தப் பதிவுக்குக் குறைந்தது மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் பதினைந்து லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். எங்களுக்கு அது எட்டாத உயரம். கனடியக் குடிமகனாகிவிட்ட என் அக்காள் மகன் பணம் அனுப்பத் துடித்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வார இறுதியில் எங்கள் பயிற்சித் தாள்களின் ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தி அனுப்புகிறான். பணத்தைவிட அது பயன்படுகிறது.

இனி பள்ளி. பொருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே போய் இறக்கிவிட முடியாது, இறக்கவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அந்தக் குழு கூடித் தீர்மானம் போட்டால்தான் பொருள் பள்ளியுடையதாகும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். நாங்கள் இரண்டு வழியையும் பார்த்தோம். சிறிய பொருள்களுக்குக் குழு வழியே எங்களுக்கு எளிதாக இருந்தது.

தலைமையாசிரியை ஒருவர் எங்கள் கணினிகளை வாங்கத் தயங்கினார். நன்றி கெட்ட தயக்கம் இல்லை அது. இருப்புப் பதிவேட்டில் ஒரு பொருள் ஏறிவிட்டால் அது பழுதான பிறகும் எளிதில் வெளியே போகாது. கழிவுநீக்க நடைமுறை முடியும்வரை அவர்தான் பொறுப்பு. பீரோவுக்குப் பின்னால் ஏற்கெனவே உயிரற்ற மானிட்டர்கள் அடுக்கியிருந்ததைக் காட்டினார். "இதற்கு மேலும் சுமக்கச் சொல்கிறீர்களா ஐயா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் நன்கொடைக் கடிதத்தில் மூன்றாண்டுப் பராமரிப்பை நாங்களே ஏற்கிறோம் என்ற வரியைச் சேர்த்தோம். அந்த ஒரு வரி திறந்த கதவுகளை எங்கள் சான்றிதழ்கள் எதுவும் திறக்கவில்லை.

கணினிகள் ஒரு நிறுவனம் கழித்த பழையவை. வன்தட்டுகளில் இருந்த தகவல்களை அழித்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது. இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டோம், நன்றாகவே ஓடுகின்றன. உண்மையான தொல்லை மின்சாரம்தான். ஒரு பள்ளியில் எர்த் இணைப்பே சரியில்லை; பெட்டியைத் தொட்ட பையன் கையை உதறினான். அன்று கணினி வகுப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனோம். கணினிக்குப் பணம் தருகிறவர்கள் பலர். எர்த் குழிக்கும் யுபிஎஸ் பேட்டரிக்கும் தருகிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பாடங்களுக்கு வருகிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள் கிடைக்கின்றன. அவற்றை இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக அச்சிட்டு, இரண்டு மொழியிலும் நாங்களே வாசித்துப் பதிவு செய்து கணினியில் ஏற்றினோம். இணையம் தேவையில்லை. முதலில் தமிழில் கேட்க வேண்டும், பிறகு ஆங்கிலத்தில். கேள்விக்குப் பதிலை எந்த மொழியிலும் எழுதலாம். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆங்கிலப் பதிவை ஓடவிட்டு, விரலைத் தமிழ்ப் பக்கத்தில் வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "ஐயா, இங்கே ஒரு வரியை விட்டுவிட்டீர்கள்" என்றாள். உண்மைதான், பதிவில் ஒரு வரி விடுபட்டிருந்தது. ஆங்கிலம் தெரியாது என்று வகுப்பில் எழுதி வைக்கப்பட்ட பெண் அவள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையையே கற்றுக்கொடுக்கிறோம். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டிப் பழகிய ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்ற ஒழுங்கு பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். புள்ளி தானே விழும். அது தானே விழுவதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப அடித்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. "தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே, ஆங்கிலத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள்" என்றார் ஒரு தந்தை. பெரிய நன்கொடையாளர் ஒருவரும் அதையே சொன்னார், ஆங்கிலப் பேச்சு வகுப்பு மட்டும் நடத்தினால் இரட்டிப்பாகத் தருவதாக. பத்திரத்தில் எங்கள் இரண்டாவது நோக்கம் என்ன என்று எழுதியிருக்கிறதோ அதை மீற எங்களுக்கே அதிகாரம் இல்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டோம். எழுத்தரிடம் அன்று அடித்துத் திருத்தியது இந்த இடத்தில் கைகொடுத்தது. தந்தைக்குச் சொன்ன பதில் வேறு. மகனை எழுப்பி, அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் வாசித்தான். என்ன புரிந்தது என்று கேட்டேன், விழித்தான். பிறகு தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்து, அதே ஆங்கிலப் பத்தியை மறுபடி வாசிக்க வைத்துக் கேட்டேன். இந்த முறை பதில் வந்தது. தந்தை முழுதாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், மகனை நிறுத்தவில்லை.

இப்போது மூன்றாண்டுச் செயல்பாடு முடிந்துவிட்டதால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கான சிஎஸ்ஆர்-1 படிவமும் கொடுத்திருக்கிறோம். 12ஏபி, 80ஜி, மூன்றாண்டு அனுபவம் ஆகியவை அதற்குத் தேவை. ஒரு நிறுவனம் இரண்டு பள்ளிகளுக்கு முன்வந்திருக்கிறது. எர்த், பேட்டரி, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வாசலில் வைக்கும் பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் மட்டும் எழுத வேண்டும் என்கிறார்கள். இரண்டு மொழியிலும் எழுதினால்தான் ஆயிற்று என்கிறோம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.