நாலு சர்வர், ஒரே தபால்பெட்டி

தண்டையார்பேட்டை வீட்டு மாடி அறையில் நாலு பழைய கம்ப்யூட்டர்களை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு சர்வராக ஓட்டுகிறேன். போன மாதம் ஒன்றில் பேக்கப் டிஸ்க் செத்தது. கடற்காற்று, உப்பு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தோண்டிப் பார்த்தால், மூன்று வாரம் முன்பே, டிஸ்க்கின் உடல்நிலையைக் கவனிக்கும் ஸ்மார்ட்டிடி 'படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) 8' என்று ரூட்டுக்கு, அதாவது மெஷினின் நிர்வாகிக் கணக்குக்கு, மெயில் போட்டிருக்கிறது. அது அதே மெஷினிலேயே, யாரும் திறக்காத மெயில் கோப்பில் கிடந்தது. இன்னொரு மெஷினில் மெயில் மென்பொருளே இல்லை. அங்கே, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், அனுப்ப ஆளில்லாததால் வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுக் கையைக் கழுவியிருந்தது.

சரி, எல்லாக் கடிதமும் ஒரே இடத்துக்கு வரட்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு மெஷின் மையம். மற்ற மூன்றும் அதனிடம் ஒப்படைப்பதோடு சரி. எல்லாவற்றிலும் மெயில் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ்தான். மூன்றிலும் அதன் அமைப்புக் கோப்பில், எந்தப் பெயர்களுக்கு வரும் கடிதத்தைத் தானே வைத்துக்கொள்வது என்று சொல்லும் 'மைடெஸ்டினேஷன்' வரியைக் காலியாக்கி, வெறும் 'ரூட்' போன்ற முகவரிக்குப் பின்னால் சேரும் பெயரைச் சொல்லும் 'மைஆரிஜின்' வரியில் மையத்தின் பெயரைப் போட்டேன். இதைச் செய்யாவிட்டால் ரூட்டின் கடிதம் மறுபடி உள்ளூரிலேயே தங்கிவிடும்.

முதல் இடி, கடிதத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் 'ரிலேஹோஸ்ட்' வரியில். மையத்தின் பெயரை, எந்தப் பெயருக்கு எந்த எண் முகவரி என்று மெஷினிலேயே குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியிருந்தேன். மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் அழகாகப் போனது. மெயில் மட்டும் 'ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்று நின்றது. அரை நாள் போனது. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக, நெட்வொர்க்கில் பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ்ஸை மட்டுமே கேட்கும், ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெயரை எடுத்துவிட்டு 192.168.1.10 என்ற எண்ணைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டதும் ஓடியது.

அப்புறம் ஒரு விசித்திரம். ரூட்டுக்குப் போகும் கடிதங்கள் மையத்துக்கு ஒழுங்காக வந்தன. என் ஜிமெயில் முகவரிக்கு நேராக எழுதும் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் 454 என்ற பிழை எண், 'ரிலே அனுமதி இல்லை'. யோசித்தால் நியாயம்தான். தன் பெயருக்கு வரும் கடிதத்தை மையம் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால்தான் நீ யார் என்று கேட்கும். யாரை நம்பலாம் என்று சொல்லும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில், மையத்தில், 192.168.1.0/24 என்று வீட்டு நெட்வொர்க்கைச் சேர்த்தேன். சோம்பேறித்தனமாக 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரிகளும், என்று போட்டு, அந்த மெஷின் வெளியுலகுக்கும் திறந்திருந்தால், ஊரிலுள்ள ஸ்பாம் எல்லாம் நம் வீட்டு வழியாகப் போகும். 454 என்பது தற்காலிக மறுப்பு, அதனால் கடிதங்கள் அனுப்பிய மெஷினின் க்யூவில் (வரிசையில்) காத்திருந்தன. வரிசையை உடனே அனுப்பச் சொல்லும் 'போஸ்ட்க்யூ -எஃப்' அடித்ததும் நகர்ந்தன.

மையத்திலிருந்து வெளியே போக, மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் வாசலான 25ஆம் போர்ட் எங்கள் இணைப்பில் அடைப்பு. 587 வழியாக, ஜிமெயிலின் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டோடு (மென்பொருளுக்கென்று தனியாகத் தரும் கடவுச்சொல்) போகிறது. அந்தக் கடவுச்சொல் மையத்தில் மட்டுமே இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டதற்கு எனக்குப் பிடித்த பலன் இதுதான்.

செவ்வாய்க்கிழமை மழையில் மாடி பிளக்குக்கு மட்டும் கரண்ட் போய் மையம் அணைந்தது. மற்ற மூன்றும் யுபிஎஸ்ஸில் இருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து மையம் எழுந்தபோது, தேங்கிய ஏழு கடிதங்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை முயலும்.

ஆனால் மையமே படுத்துவிட்டால் யார் சொல்வது? தினமும் காலை 6 மணிக்கு அது எனக்கு ஒரு வரி மெயில் அனுப்பும்படி கிரானில் போட்டிருக்கிறேன். வராத நாளில் மாடிப்படி ஏற வேண்டும்.