காதுக்காரர், கண்காரர், கைக்காரர்

ஒரு பயிற்சிப் பட்டறையில் படிவம் ஒன்று தந்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் அதை நிரப்பி வாங்கி, கேட்டுப் படிப்பவர், பார்த்துப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டுமாம். நானும் தரம் 9 இஸ்லாம் பாடத்தில் ஒரு தவணை முழுக்க அப்படியே செய்தேன், காதுக்காரருக்குக் கதை, கண்காரருக்குப் படம், கைக்காரருக்குக் கத்தரிக்கோலும் பசையும்.

தவணைப் பரீட்சையில் மூன்று கூட்டமும் ஒரே கேள்வியில் விழுந்தது. ஹந்தக் (அகழி) யுத்தத்தில், மக்காவின் படையைத் தடுக்கும் அகழியை ஏன் மதீனாவின் வடக்குப் பக்கம் தோண்டினார்கள்? முக்கால்வாசிப் பேர் ‘ஸல்மான் பார்ஸி (ரலி) ஆலோசனை சொன்னார்’ என்று, அகழி யோசனையைச் சொன்ன நபித்தோழரின் பெயரை எழுதியிருந்தார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லையே!

கற்றல் பாங்குக்கு ஏற்பக் கற்பித்தால் பிள்ளை கூடுதலாகப் படிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008 இலேயே எழுதிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அந்தப் படிவத்தை போட்டோக் கொப்பி அடித்த காசு என்னுடையது.

சரி, அடுத்த முறை எல்லாரையும் முற்றத்து மணலுக்குக் கூட்டிப்போனேன். வேப்பங்குச்சியால் மதீனாவைக் கீறி, கிழக்கிலும் மேற்கிலும் உடைந்த செங்கல்லைக் கொட்டினோம், அது குதிரை ஓடமுடியாத எரிமலைக் கல் நிலம். தெற்கே பேரீச்சந் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் பனையோலைத் துண்டுகள். ஒரு பொடியனிடம், நீதான் 627 இல் மதீனாவைத் தாக்க வந்த பத்தாயிரம் பேர், உள்ளே மூவாயிரம் பேர்தான் இருக்கிறார்கள், எங்கால் வருவாய் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்கல்லில் கால் வைத்தான், “இதால ஏலாது சேர்” என்று குதித்து இறங்கினான், சுற்றி நடந்து வடக்கில் போய் நின்றான். அப்போது ஒரு பிள்ளை, “எங்கட கோட்டைக்கு ஒரு பக்கம் கடல் இருக்கிற மாதிரியா சேர்?” என்றாள். அவள் படிவத்தின்படி காதுக்காரி!

ஆனால் மணல் எல்லாவற்றுக்கும் உதவாது. கலீபாக்களின் ஆட்சிக் காலம், அபூபக்ர் (ரலி) 632 முதல் 634, உமர் (ரலி) 644 வரை என்பதையெல்லாம் பாடமாக்கத்தான் வேண்டும், அதற்குப் பாடம் தொடங்க முன்னர் கொப்பியை மூடவைத்துப் போன கிழமைப் பாடத்தில் ஐந்து கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். நபியவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்துக்கு இந்த ஊரில் வித்தை எதுவும் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள், வீட்டில் கேட்டுவிட்டு வா என்றால் போதும்.

மக்காவின் குறைஷிக் குலத்தாரோடு முஸ்லிம்கள் செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கைக்கு வாக்குவாதம்தான் சரி. மக்காவிலிருந்து தன் பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் மதீனா வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அங்கே போனவரைக் குறைஷிகள் அனுப்பத் தேவையில்லை, இந்த நிபந்தனையை ஏன் ஏற்றார்கள் என்று இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டேன். குறைஷிகளின் தூதர் சுஹைலாக நின்ற பொடியன் விட்டுக்கொடுக்காமல் பேசியதில், இடைவேளையில் ஒருவரும் அவனுக்கு ரொட்டி கொடுக்கவில்லை.