படிப்புக்கு நடுவே அப்ரண்டிஸ் வேலை: நான் முடித்த விதம்

என் பொறியியல் படிப்பில் வகுப்பறையும் தொழிற்சாலையும் மாறி மாறி வந்தன. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இல் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களை வைத்துத் தொடங்கிய முறைதான் இது. இதே வழியில் சேரப்போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தம். கல்லூரி, நிறுவனம், மாணவர் என மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோருடைய கண்ணும் உதவித்தொகைமேல்தான் போகும். அதோடு இணைத்திருக்கும் பயிற்சித் திட்டத்தையும் வரி விடாமல் படித்துவிடுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை வாரம், யார் கற்றுத்தருவார், எதை வைத்து மதிப்பெண் போடுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எனக்கு அதுதான் கைகொடுத்தது. ஆள் இல்லை என்று சொல்லி என்னை டிரில்லிங் மெஷினிலேயே நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே துளை. திட்டத்தை எடுத்துக் காட்டி, "சார், இப்போ நான் லேத்தில் இருக்க வேண்டிய வாரம்" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மாற்றிவிட்டார். படிக்க வந்தவரைச் சம்பளம் குறைந்த கையாளாக நடத்துவது அநியாயம். கல்லூரி ஆசிரியர் அவ்வப்போது நேரில் வந்து பார்த்தாலே இதில் பாதி குறைந்துவிடும்.

லேத்தில், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்தான், படிப்பு புரியத் தொடங்கியது. 25 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் ஷாஃப்ட் (உருளைத் தண்டு). டிராயிங்படி அளவு 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை குறையலாம், 25 மி.மீ.-ஐத் தாண்டவே கூடாது. முதல் கட்டக் கடைசல் முடிந்ததும் மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியை வைத்தேன்: 25.210 மி.மீ. கடைசி வெட்டுக்குக் கணக்குப் போடப் போனபோது லேத் ஓட்டும் டர்னர் அண்ணன், "தம்பி, ஜாப் ஆறட்டும். அப்புறம் இன்னொரு தடவை அளந்து பாருங்க" என்றார். ஆறியபின் 25.199. பதினொரு மைக்ரான் போயிருந்தது!

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். நாற்பது டிகிரி சூடேறினால் 25 மி.மீ.-க்கு 11.5 மைக்ரான். எனக்குக் கொடுத்திருந்த 13 மைக்ரானை அந்தச் சூடு மட்டுமே ஏறக்குறைய விழுங்கிவிடும். அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த வரி எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அண்ணனுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது, ஆனால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது தெரியும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அப்புறம் லாக் புக், அதாவது அன்றாட வேலையை எழுதி வைக்கும் குறிப்பேடு. பலர் "டர்னிங் செய்தேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அது வீண். நான் அளவு, கருவி, என்ன மாறியது, ஏன் மாறியது, எந்தப் பாடத்தோடு சேரும் என்று அன்றன்றே எழுதினேன். நாள் தள்ளினால் காரணம் மறந்துவிடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதுதான் காப்பாற்றியது. தேர்வாளர் அந்த ஷாஃப்ட் பற்றி எழுதிய பக்கத்தைத் திறந்து, "இதே வேலை அலுமினியத்தில் வந்திருந்தால்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் ஆறவிடுவதும் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) விடுவதும் இன்னும் முக்கியம் என்றேன். பேச்சு அங்கிருந்து பேரிங் பொருத்தம் வரை போனது. புத்தகத்தை மட்டும் வைத்து என்னால் அவ்வளவு தூரம் பேசியிருக்க முடியாது.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. தொழிற்சாலையில் கழித்த காலத்துக்குக் கிடைத்த கிரெடிட், ஒரு சாதாரணத் தாளுக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. லாக் புக்கையும் பயிற்சிப் பிரிவுதான் வாங்கி வைத்துக்கொண்டது; மெஷின் டிசைன் எடுத்த ஆசிரியர் கைக்கு அது போகவே இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு அடுத்த செமஸ்டர் வகுப்பை எடுக்க வேண்டும் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேரும் முன்பே உங்கள் கல்லூரியிலும் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்: கிரெடிட் எத்தனை, லாக் புக்கை யார் படிப்பார்.