காருகுறிச்சிக் கலயமும் டேனியல் மின்கலமும்

பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில், துத்தநாகமும் தாமிரமும் வைத்து மின்சாரம் எடுக்கும் டேனியல் மின்கலத்தைப் படம் வரைந்து விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. படம் வரைவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. இரண்டு முகவைகள், இரண்டு தகடுகள், நடுவே இரண்டையும் இணைக்கும் வளைந்த உப்புப் பாலம் (உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்), மேலே வோல்ட்மீட்டர் என்று அச்சில் போட்டது போல வரைந்துவிட்டு, எலக்ட்ரான் போகும் வழியை அம்புக்குறியால் காட்டினேன். துத்தநாகத்திலிருந்து கரைசலுக்குள் இறங்கி, உப்புப் பாலம் வழியாக ஏறி, தாமிரத்துக்குப் போனது என் எலக்ட்ரான். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த அம்புக்குறியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: "எலக்ட்ரான் நீந்துமா?" ஐந்துக்கு ஒன்றரை.

தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு, தாமிரம் எலக்ட்ரானைக் கொடுக்குமா வாங்குமா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. பாடத்தை மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது சாயங்காலம் ஊரில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மின்வேதியியல் வந்தாலே அவர்களும் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். அதனால் நான் எப்படி ஏறி வந்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் குழி பெயரில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. கீழ் வகுப்புகளில் ஆனோடுக்கு நேர்மின்வாய் என்றும் கேத்தோடுக்கு எதிர்மின்வாய் என்றும் படித்திருப்போம். மின்னாற்பகுப்பில், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பொருளைப் பிரிக்கும்போது, அது சரியாகவே இருக்கும். பேட்டரியின் பிளஸ்ஸில் இணைத்த தகடுதான் அங்கே ஆனோடு. ஆனால் டேனியல் மின்கலம் தானே மின்சாரம் தருவது. அங்கே ஆனோடாக இருக்கும் துத்தநாகம் மைனஸ் முனை. "நேர்மின்வாய் எதிர்க்குறி கொண்டது" என்று எழுத வேண்டி வந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் தலை சுற்றாது?

பிளஸ், மைனஸை அப்படியே ஓரமாக வையுங்கள். எந்தத் தகட்டில் எலக்ட்ரான் இழப்பு, அதாவது ஆக்சிஜனேற்றம், நடக்கிறதோ அது ஆனோடு. எலக்ட்ரானை வாங்குவது, அதாவது ஒடுக்கம், நடக்கும் தகடு கேத்தோடு. ஆனோடில் ஆக்சிஜனேற்றம், ஆ-வுக்கு ஆ. இது எந்தக் கலத்திலும் மாறாது, குறிதான் மாறும். எனக்கு இது முழுசாகப் புரிந்தது பக்கத்து பேட்டரிக் கடையில். பைக் பேட்டரியை சார்ஜில் போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம், "ஓடும்போது மைனஸ் தகடு ஈயம், அதுல எலக்ட்ரான் வெளிய வருது, அப்ப அது ஆனோடு. சார்ஜ் போடும்போது?" என்று கேட்டேன். அவருக்கு ஆனோடு, கேத்தோடு எல்லாம் தெரியாது. "வெளிய போனத திருப்பி உள்ள தள்ளுதோம்லா? எல்லாம் மாறித்தான நடக்கும்" என்றார். அதேதான். சார்ஜ் ஏறும்போது பிளஸ் தகடு ஆனோடாகிவிடுகிறது. தகடு அதே தகடு, அதன் குறியும் அதே குறி, நடக்கும் வேலைதான் தலைகீழ்.

இரண்டாவது குழி, உப்புப் பாலம். இதற்குத்தான் காருகுறிச்சிக் கலயம்.

மயில்துத்தக் கரைசலில், அதாவது தாமிர சல்பேட்டில், ஒரு துத்தநாகத் துண்டை நேராகப் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தகடு கறுத்துச் செம்புத்தூள் படியும், நீலம் வெளிறும், தொட்டால் லேசாகச் சூடு தெரியும். துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. தாமிர அயனி அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. கொடுப்பவனும் வாங்குபவனும் முகத்துக்கு முகம் நிற்பதால் கையோடு கை மாறிவிடுகிறது. மிஞ்சுவது சூடு மட்டும்.

மின்கலம் என்பது இந்த இருவரையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு. துத்தநாகம் ஒரு பக்கம், தாமிர அயனி இன்னொரு பக்கம். எலக்ட்ரான் கைமாற வேண்டுமென்றால் கம்பி வழியாகச் சுற்றித்தான் போயாக வேண்டும். சுற்றிப் போகும் வழியில் நாம் ஒரு பல்பை வைத்து வேலை வாங்கிக்கொள்கிறோம். ஜான் ஃபிரெடெரிக் டேனியல் 1836-இல் இந்தக் கலத்தைச் செய்தபோது நம் பாடநூலில் இருக்கும் கண்ணாடிப் பாலம் அதில் கிடையாது. பின்னால் இந்தக் கலத்தில் நிலைத்தது, மெருகு பூசாத மண்பாண்டம். இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: சேரன்மகாதேவி பக்கம் காருகுறிச்சியில் இல்லாத மண்பாண்டமா?

சின்னக் கலயம் ஒன்றை வாங்கி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டேன். காய்ந்த கலயம் வேலைக்கு ஆகாது, அதன் நுண்துளைகளில் தண்ணீர் ஏற வேண்டும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே துளைகளால்தான். பழைய டார்ச் செல்லின் உடம்பு துத்தநாகம், அதை வெட்டி உப்புத்தாளால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். (சாதாரணக் கார்பன் செல்லை மட்டும் வெட்டுங்கள். ஆல்கலைன் செல்லுக்குள் தோலை அரிக்கும் காரம் இருக்கிறது.) கலயத்துக்குள் உப்புத் தண்ணீரும் துத்தநாகமும். கலயத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, சுற்றிலும் மயில்துத்தக் கரைசல், அதில் சுருட்டிய செம்புக் கம்பி. வயரிங் வேலை பார்க்கும் சித்தப்பா தன் மீட்டரைக் கொடுத்து, "பிள்ள, டிசில இருபதுல வையி. ஏசில வச்சிட்டு ஒண்ணும் காட்டலன்னு சொல்லாத" என்றார்.

மீட்டர் 1.07 காட்டியது. நூலில் போட்டிருப்பது 1.10. நான் ஊற்றியது துத்தநாக சல்பேட் அல்ல, வெறும் கல் உப்பு, செறிவும் குத்துமதிப்பு. அதை நினைத்தால் 1.07 என்பது எனக்குப் பரிசு வாங்கிய மாதிரி. கலயத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் டம்ளரை வைத்தேன். இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்தாலும் மின்னோட்டம் துளியும் இல்லை.

ஏன் இல்லை? துத்தநாகப் பக்கம் கரைசலுக்குள் நேர் அயனிகள் வந்துகொண்டே இருக்கின்றன. தாமிரப் பக்கம் நேர் அயனிகள் குறைந்து சல்பேட் மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு இம்மியளவு சேர்ந்தாலே எலக்ட்ரானால் மேற்கொண்டு நகர முடியாது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்திருக்காவிட்டால் அடுத்த வரிசை எப்படி உட்காரும்? கலயத்தின் துளை வழியாக எதிர் அயனிகள் துத்தநாகப் பக்கமும் நேர் அயனிகள் தாமிரப் பக்கமும் நகர்ந்து கணக்கை நேர் செய்கின்றன. உப்புப் பாலத்துக்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு செய்வதும் இதையே. குளோரைடு ஆனோடு பக்கம், பொட்டாசியம் கேத்தோடு பக்கம். கம்பியில் எலக்ட்ரான், கரைசலில் அயனி. என் அம்புக்குறி எங்கே தப்பியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரவெல்லாம் இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்தே விட்டுவைத்தேன். காலையில் துத்தநாகத்தில் அங்கங்கே அரித்த பள்ளம். செம்புக் கம்பியில் புதுச் செம்பு, கருப்பட்டிப் பொடி ஒட்டியது போலச் சொரசொரப்பாக. ஆனோடு இளைக்கும், கேத்தோடு பருக்கும் என்று நூலில் படித்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன்.

அப்புறம் எலுமிச்சை. எல்லாரும் செய்வது, ஆனால் பாதிப்பேர் தப்பாக விளக்குவது. புளியங்குடிப் பழங்களில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி, தரையில் உருட்டி நசுக்கி, செம்பும் துத்தநாகமும் செருகினேன். ஒரு பழம் 0.9 வோல்ட் சொச்சம். நான்கைத் தொடராக இணைத்தால் மூன்றரை. சரி, டார்ச் பல்பு இரண்டரை வோல்ட்தானே, எரியும் என்று நினைத்தேன். கண்சிமிட்டக்கூட இல்லை. அதையே ஒரு சிவப்பு எல்.இ.டி.யில் கொடுத்தால் இருட்டறையில் மினுக்கென்று ஒளிர்கிறது.

குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாரல் காலத்திலும் சித்திரை வெயிலிலும் பேரருவியின் உயரம் ஒன்றுதான். சித்திரையில் பாறையில் ஈரக் கோடு மட்டும் தெரியும், தலையை நீட்டினால் நனையாது. வோல்ட் என்பது உயரம், ஆம்பியர் என்பது தண்ணீர். எலுமிச்சைக்கு உயரம் உண்டு. சாற்றில் அயனிகள் குறைவு, உள்தடை அதிகம், அதனால் தண்ணீர் வராது. டார்ச் பல்புக்கு வேண்டியது சாரல் காலத்து அருவி.

பாதிப்பேர் செய்யும் தப்பு என்றேனே, அது இது: எலுமிச்சைக்குள் தாமிர அயனியே கிடையாது. எனவே "தாமிர அயனி ஒடுக்கமடைகிறது" என்று எழுதினால் தவறு. செம்பின் மேல் எலக்ட்ரானை வாங்குவது சாற்றில் உள்ள ஹைட்ரஜன் அயனி, அது வாயுவாகப் போகிறது. செம்பு வெறும் திண்ணை, யாரோ வந்து உட்கார இடம் கொடுக்கிறது. எலுமிச்சையில் 1.10 வராததற்கு முதல் காரணம் இதுதான். சோதனை முடிந்த பழத்தைச் சர்பத்துக்குப் பிழிந்துவிடாதீர்கள், துத்தநாகம் கரைந்திருக்கும்.

இனி கணக்கு. திட்ட ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தை வோல்ட்டில் சொல்லும் எண், துத்தநாகத்துக்கு −0.76, தாமிரத்துக்கு +0.34. கேத்தோடிலிருந்து ஆனோடைக் கழிக்க வேண்டும்: 0.34 − (−0.76) = 1.10. மைனஸுக்கு மைனஸ் பிளஸ் என்பதை மறந்து −0.42 என்று எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். தானாக நடக்கும் கலத்துக்கு விடை மைனஸில் வந்தால், எங்கேயோ இடம் மாறிப் போட்டிருக்கிறோம் என்று உடனே சந்தேகப்பட வேண்டும்.

தாமிரமும் வெள்ளியும் சேர்ந்த கலத்தில் இன்னொரு கண்ணி. வெள்ளி +0.80. ஒரு தாமிரம் விடும் இரண்டு எலக்ட்ரானை வாங்க இரண்டு வெள்ளி அயனி வேண்டும். உடனே 0.80-ஐ இரண்டால் பெருக்கி 1.26 என்று போட்டுவிடுவார்கள். கூடாது, விடை 0.46தான். மறுபடி குற்றாலம்: தண்ணீர் இரட்டிப்பானால் அருவியின் உயரம் இரட்டிப்பாகுமா?

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. கலம் ஓட ஓட துத்தநாக அயனி கூடுகிறது, தாமிர அயனி குறைகிறது, வோல்ட் இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்று சொல்வதுதான் அது. துத்தநாக அயனி 1 மோலார், தாமிர அயனி 0.01 மோலார் என்றால் விகிதம் 100, அதன் மடக்கை 2. 0.0591-ஐ இரண்டு எலக்ட்ரானால் வகுத்து 2-ஆல் பெருக்கினால் அதே 0.0591. ஆகவே 1.10-லிருந்து ஏறக்குறைய 1.04. செறிவு நூறில் ஒரு பங்கானாலும் இறக்கம் இவ்வளவுதான், டார்ச் வெகுநேரம் தாக்குப்பிடிப்பதில் இதற்கும் பங்குண்டு. கடைசியில் சமநிலை வந்ததும் கலத்தின் வோல்ட் பூச்சியம். திட்ட வோல்ட் பூச்சியமல்ல, அது 1.10 ஆகவே இருக்கும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற இடம் இது, குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபாரடே விதிக் கணக்குகள் வாய்ப்பாடு மாதிரி. 96500 கூலும் என்பது ஒரு மோல் எலக்ட்ரான், தாமிரத்துக்கு இரண்டு மோல் வேண்டும். 1 ஆம்பியர் 1930 வினாடி ஓடினால் 0.635 கிராம் தாமிரம் படியும். நாலு கணக்குப் போட்டால் கை பழகிவிடும்.

அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை, தனிப் பாடமாக நினைக்க வேண்டாம், அதுவும் மின்கலம்தான். உவரி, மணப்பாடு பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இரும்புக் கேட்டைப் பாருங்கள். உப்புக் காற்றின் ஈரம் மின்பகுளி (அயனிகள் நகரும் கரைசல்), இரும்பின் ஓரிடம் ஆனோடு, இன்னோரிடம் கேத்தோடு, கம்பியும் அந்த இரும்பேதான். இரும்பு −0.44, துத்தநாகம் −0.76, வெள்ளீயம் −0.14. துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முந்திக்கொண்டு கரையும், இரும்பு தப்பிக்கும். வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் கீறல் விழுந்தால் இரும்புதான் முதலில் போகும், அதுவும் வேகமாக. இந்த மூன்று எண்களையும் எழுதிக் காரணம் சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

அரையாண்டில் அதே கேள்வி வந்தது. இந்த முறை படத்தைச் சின்னதாகவே வரைந்தேன். எலக்ட்ரானுக்கு மேலே கம்பியில் ஓர் அம்பு, அயனிகளுக்குப் பாலத்தில் எதிரெதிராக இரண்டு அம்புகள், இரண்டு அரைவினைகள், இடப்பக்கம் ஆனோடு வைத்துக் கலக் குறியீடு. ஐந்துக்கு ஐந்து.

அந்தக் கலயம் இன்னும் இருக்கிறது. வெளிப்புறம் ஏறிய பச்சைக் கறையைப் பார்த்துவிட்டு ஆச்சி அதை அடுக்களைப் பக்கமே சேர்க்கவில்லை. போன வருஷம் டியூஷனில் ஒரு பையன், "அக்கா, பிளாஸ்டிக் டம்ளர்லயே ஊசியால ஓட்ட போட்டா என்ன?" என்றான். போட்டுப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் 1.05 காட்டியதும் துள்ளினான். கால் மணி நேரத்தில் நீலம் உள்ளே கசிந்து துத்தநாகம் கறுக்க ஆரம்பித்தது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஓட்ட பெருசாப் போச்சுக்கா" என்று சொல்லி, காருகுறிச்சிக்கு எந்த பஸ் என்று விசாரித்தான்.