பெரிய கோயிலில் கல்வெட்டோடு ஒரு வலம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் வந்தவர் கண் முதலில் விமானத்துக்குத்தான் போகும். பெருவுடையாரைத் தரிசித்துவிட்டு வெளியே வலம் வரும்போது மட்டும் அடித்தளத்தைப் பார்த்து நடங்கள். கோயில் எப்படி நடந்தது என்ற கணக்கை ராஜராஜன் அங்கேதான் வெட்டி வைத்திருக்கிறான்.

காலையில் நடை திறந்ததும் போய்விட வேண்டும். சாய்வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சிவெயிலில் எழுத்தும் தெரியாது, கல்தரையில் காலும் வைக்க முடியாது. (விமான நிழல் தரையில் விழாது என்பது வெறும் கதை, மாலையில் நின்று பார்த்தால் நன்றாகவே விழுகிறது.) இந்தக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். புதிதாகப் படிப்பவர் தடுமாறுவது இங்கேதான். எடுப்பாகத் தெரியட்டுமென்று திருநீறோ எண்ணெயோ பூசாதீர்கள், பள்ளம் தூர்ந்துபோகும்.

"நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" (நாம் கட்டுவித்த கற்கோயில்) என்று தொடங்கும் ஆணையில், தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்துப் (கருவூலத்துப்) பொன் நகையாகிச் சாமிக்கு வந்தது. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று தனிக் கல்லே இருந்தது. முத்துகளை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, சப்பத்தி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். கோணல் முத்தைக்கூட மறைக்கவில்லை.

வந்த பணம் பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி), அதாவது நூற்றுக்கு 12.5. சில ஊர்கள் பொலிசையை நெல்லாக அளந்தன. ஈழத்து ஊர்களிலிருந்தும் கோயிலுக்கு வருவாய் வந்தது. படை வென்ற நாடு பண்டாரத்தோடு பிணைந்தது இப்படித்தான்.

எனக்குப் பிடித்தது விளக்குக் கணக்கு. அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு; பசுவானால் 48, எருமையானால் 16. ஆட்டை வாங்கிய இடையர் நாள்தோறும் உழக்கு நெய், அதாவது கால் நாழி, அளக்க வேண்டும். ஆடு சாகாதா? சாகும். குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்புவது அவர் பொறுப்பு. அதனால்தான் அதற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். அவர் தவறினால் பொறுப்பேற்க உறவினர் பெயர்களும் கல்லில் உண்டு.

கடைசியாக வடக்குத் திருச்சுற்று மதிலுக்கு வாருங்கள். வெளிப்புறத்தில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிரின், பட்டியல் இருக்கிறது. எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு என்பதெல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் (முகத்தலளவை) நெல். ஒருவர் இறந்தால் அந்தப் பங்கும் பணியும் நெருங்கிய உறவினருக்குப் போகும். 'தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு' என்ற சொற்களைத் தேடிப் பிடித்துவிட்டால் மீதி வரிகள் வீடுவீடாகத் தாமே படிக்க வந்துவிடும்.