மூன்று மாத அட்வான்ஸ்: செய்தியில் வந்ததும் சட்டத்தில் இருந்ததும்

குரோம்பேட்டையில் வீடு பார்த்தபோது வாடகை பதினான்காயிரம், அட்வான்ஸ் பத்து மாதம் என்றார் உரிமையாளர். 1,40,000 ரூபாய். “புதுச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாதே சார்” என்றேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்திதான் அந்தத் தைரியத்துக்குக் காரணம். “எங்கே போட்டிருக்கு, காட்டுங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு தேட உட்கார்ந்தேன். 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அது. கையில் கிடைத்தது ஆங்கிலப் பிரதி. 11-ஆம் பிரிவில் மூன்று மாத வரம்பு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியமே ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்’ என்றுதான் தொடங்குகிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அந்த வரம்பைக் காட்டி நான் வாதாட முடியாது. செய்தியில் விடுபட்டது அந்தத் தொடக்கம் மட்டும்தான், ஆனால் என்னைப் போன்றவனுக்கு அதுதான் முக்கியம். எனக்குக் கோபமே வந்தது.

தெரிந்த வக்கீல் அண்ணனிடம் புலம்பினேன். 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹர்லா வழக்கைச் சொன்னார். ஜெய்ப்பூர் சமஸ்தானம் 1923-இல் ஓர் அபின் சட்டத்தை நிறைவேற்றியது, ஆனால் மக்களுக்கு வெளியிடவே இல்லை. அந்தச் சட்டத்தின்கீழ் ஒருவருக்கு விதித்த 50 ரூபாய் அபராதத்தை, வெளியிடாத சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று அரசிதழில் வந்தாலே வெளியிட்டதாகிவிடுகிறது. வாடகைக்கு வீடு தேடுகிறவர் எத்தனை பேர் அரசிதழைப் பிரித்துப் பார்க்கிறோம்? வாடகை ஒப்பந்தம் எழுதும் கடையிலாவது இந்த ஒரு பிரிவைத் தமிழில் ஒட்டி வைக்கலாம்.

சரி, மறுநாள் 11-ஆம் பிரிவு இருந்த பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டு உரிமையாளரிடம் போனேன். மறைக்காமல் முழு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். பேசிப் பேசி ஐந்து மாதத்தில் முடிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதையும் காட்டினேன். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்தோம்.

கிளம்பும்போது, “அந்தப் பேப்பரை வச்சுட்டுப் போங்க தம்பி, மாடி வீட்டுக்காரங்களுக்கும் காட்டணும்” என்றார்.