பச்சைத் தண்ணீரின் அருமை

வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பில் 85 டிகிரி தண்ணீர் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் விசாரிப்பது, உள்ளே வரும் தண்ணீர் எத்தனை டிகிரி என்பதைத்தான். சூட்டைப் பற்றிப் பேச வந்தால் இவர் குளிர்ச்சியைப் பற்றிக் கேட்கிறாரே என்று முழிப்பார்கள்.

10 டிகிரி காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து 55 டிகிரியில் கொடுத்தால், கார்னோ கணக்குப்படி, அதாவது இயற்பியல் அனுமதிக்கும் உச்ச வரம்பின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏழு யூனிட் வெப்பம் வரை கிடைக்கலாம். அதையே 80 டிகிரியில் கேட்டால் ஐந்துதான். நிஜ மெஷினில் இதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். கம்ப்ரசரைப் போட்டுப் பிழிந்தால் அதிலிருந்து வாயு வெளியேறும் டிஸ்சார்ஜ் பைப் தகிக்கும், ஆயில் கெட்டுப்போகும். இரண்டு சுற்றுகளை அடுக்கி, மேல் சுற்றில் ஆர்-134ஏ என்கிற குளிர்பதன வாயுவை ஓடவிட்டு 80 டிகிரியை எட்டலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கம்ப்ரசரும் இரண்டு, தலைவலியும் இரண்டு.

குளிர்பதன வாயுவாக ஓடும் கார்பன் டை ஆக்சைடு வேறு ரகம். அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத எல்லை, வெறும் 31 டிகிரி. அதனால் 100 பார் அழுத்தத்தில், திரவமாகாமலே, 100 டிகிரிக்கு மேலிருந்து படிப்படியாகக் குளிர்ந்து இறங்கும். எதிர்த்திசையில் தண்ணீர் படிப்படியாகச் சூடேறும். ஜப்பானில் 2001இல் விற்பனைக்கு வந்த எக்கோக்யூட் என்கிற கார்பன் டை ஆக்சைடு ஹீட் பம்ப் 90 டிகிரி வரை கொடுப்பது இப்படித்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 15 டிகிரியில் பச்சைத் தண்ணீர் வந்தால், வாயுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குளிர்ந்து, அழுத்தத்தைக் குறைக்கும் விரிவு வால்வைத் தாண்டியதும் பெரும்பகுதி திரவமாகிவிடும். 45 டிகிரியில் வந்தால் வால்வுக்குப் பின் பாதிக்கு மேல் வெறும் ஆவி. அப்புறம் வெளிக்காற்றின் வெப்பத்தை எது உறிஞ்சும்? கம்ப்ரசர் மட்டும் மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஒரு கட்டடத்தில் இந்த ரக மெஷின் வெப்பமே தரவில்லை என்று கூப்பிட்டார்கள். கேஸ் லீக், கம்ப்ரசரையே மாற்றிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போயிருந்தது. நான் தொட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை சென்சார்களை ஒட்டினேன். மேலே 62, அடியில் 54. நல்ல தொட்டியில் அடிப்பகுதி குழாய்த் தண்ணீர் அளவுக்குச் சில்லென்று இருக்க வேண்டும். குழாயைத் திறந்ததும் சூடாக வரவேண்டும் என்று கட்டடம் முழுக்கத் தண்ணீரைச் சுற்றவிட்டிருந்தார்கள்; திரும்பி வரும் லைனை நேராகத் தொட்டியின் அடியில் செருகியிருந்தார்கள். அந்த லைனைத் தனிச் சிறு தொட்டிக்கு மாற்றினோம். குளிர்நீர் சீறிப் பாய்ந்து கலக்காதபடி நுழைவாயில் முன்னால் ஒரு தகடு வைத்தோம். தண்ணீர் பம்பின் வேகத்தைக் குறைத்து, ஒரே ஓட்டத்தில் தண்ணீர் 85ஐத் தொடும்படி செய்தோம். கம்ப்ரசரில் யாரும் கை வைக்கவில்லை.

இன்னும் ஒரு இழுபறி பாக்கி. தொட்டி நிறையும் கடைசிக் கட்டத்தில் அடித்தண்ணீரும் வெதுவெதுப்பாகும். அதற்கு முன்பே மெஷின் நிற்கும்படி அடி சென்சாரை 30இல் வைத்திருக்கிறேன். தொட்டி முழுக்கச் சூடாகவில்லையே என்று பராமரிப்பு ஆட்கள் அதை 50க்கு ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் நான் இறக்கிவிட்டு வருகிறேன்.